மைதா இல்லாத பன்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மா ஒரு பழ பன்னை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சுட்ட பேக்கரி பாய் எதிர் வரிசையில் இருந்தார். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் காதை அங்கே வைத்தேன். மூக்கும் கூடவே போய்விட்டது.

“கோதுமை, பால் பட்டாலே எம்மவளுக்கு வயிறு ஊதிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு பாய். இது எப்படி இம்புட்டு மெத்துனு இருக்கு?”

“பச்சரிசி மாவு, தேங்காப்பால், வாழைப்பழம், திராட்சை. அம்புட்டுதான் தங்கச்சி.”

“முட்டை?”

“நீங்க கவுச்சி தொடமாட்டீகன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப தட்டுல ஒட்டலையா?”

“எப்படி ஒட்டும்? தட்டுல மைதாவத் தூவிட்டுல்ல வச்சேன்!”

சொன்ன பிறகுதான் பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா பன்னை அவரிடமே நீட்டினார்.

“நாளைக்கு அவளுக்குப் பொறந்தநாளு. போன வருசம் மத்த பிள்ளைக தின்னதப் பாத்துக்கிட்டே நின்னா பாய்.”

“காலையில வாழை இலைய விரிச்சுச் சுட்டுத் தாரேன். ஒரு பொட்டு மைதா படாது.”

திருப்பிக் கொடுத்த பன் யாருக்குப் போகுமோ என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் முந்திக்கொண்டார்.

இறங்கப்போன அம்மா படியில் நின்று திரும்பினார்.

“அந்த இலை மேல என்ன தடவுவீக?”