நாலும் பொருந்தினால் ஒரே ஆள்

அக்கா: …டீ ஆறிப்போச்சு பாரு.

தம்பி: வேணாம்க்கா. டாக்டர் ஏதாவது…

அக்கா: பெரியவ இன்னும் கண்ணைத் திறக்கல. வேற என்ன சொல்வாங்க.

தம்பி: சின்னவ?

அக்கா: என் மாமியார்கிட்ட. இவளைத் தேடித் தேடி அழுறாளாம். எட்டு மாசத்துல என்ன தெரியும்னு நெனைக்கிறோம்…

தம்பி: மாமா எங்க?

அக்கா: வெளிய. எங்கூடப் பேசி ரெண்டு நாளாச்சு.

தம்பி: ஏன்?

அக்கா: அதை விடு. இந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேலைதானே உனக்கு. பெரியவளுக்கு அந்த மருந்து ஒத்துக்காதுன்னு மூணு மாசம் முன்னாடியே எழுத வெச்சேன். அதான் எழுதியிருக்காங்களேன்னு நான் அன்னிக்கு வாயைத் திறக்கல. ஊசி போட்டுட்டாங்க. எழுதினது எங்க போச்சு?

தம்பி: பாக்கணும்க்கா…

அக்கா: நீயா பாக்காம இருந்திருப்ப?

தம்பி: …பாத்தேன். பழைய நகல் ஒண்ணு தனியா வெச்சிருப்போம். அதுல நீ சொன்னது இருக்கு, தேதியோட.

அக்கா: பத்திரமா வெச்சிருக்கீங்க.

தம்பி: ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு பதிவு இருக்கும்க்கா. எல்லாத்தையும் ஒண்ணாக்க ஒரு விதி. பேரு, பிறந்த தேதி, போன் நம்பர், விலாசம்… நாலும் பொருந்தினா ஒரே ஆள்.

அக்கா: இரட்டைன்னாலும் இவளுங்க பேரு வேற வேறயாச்சே.

தம்பி: பொறந்த அன்னிக்குப் பேரு ஏது? 'பெண் குழந்தை'ன்னு போட்டு, பக்கத்துல உன் பேரு. ரெண்டு பேருக்கும் அதேதான். அப்புறம் யாரும் மாத்தல.

அக்கா: ம்.

தம்பி: ரெண்டு பதிவும் ஒத்துப்போகலைன்னா கடைசியா எழுதினதுதான் நிக்கும். போன மாசம் சின்னவளுக்குச் சளின்னு…

அக்கா: ஒத்துக்காத மருந்து எதுவும் இல்லைன்னு எழுதினாங்க.

தம்பி: அதுதான் நின்னுச்சு.

அக்கா: அந்த விதியை எழுதின மகராசன் இரட்டைப் பிள்ளைங்களைத் தூக்கினதே இல்லையா?

தம்பி: …தூக்கியிருக்கான்க்கா. ரெண்டு தோள்லயும். மாமாகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். அந்தப் பழைய நகலையும் காட்டி…

அக்கா: உக்காரு. யாருக்கும் காட்டாதே.

தம்பி: அவருக்குத் தெரியணும்க்கா. எழுதினது நான்தான்னு…

அக்கா: நர்ஸ் திரையைத் திருப்பி, உங்களுக்கு ஒரே குழந்தைதானேன்னு கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா. பதினோராயிரம் பேரை ஒண்ணாக்கிட்டேன்னு போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே பெருமையடிச்சது யாரு? மருந்து விஷயத்தை ஆஸ்பத்திரியில நான் சொல்லவே இல்லை, மறந்துட்டேன்னு அவர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்.