வெள்ளைக் காது ஆடு

— அந்த வரியை அடிங்க, பாக் திர்தோ. அடிச்சாத்தான் கையெழுத்துப் போடுவேன்.

— பாருங்க இபு வாகினி, இது யாரையும் குத்தம் சொல்ற அறிக்கை இல்ல. எரிமலை வெடிச்சப்போ எங்க ஆய்வு மையம் எங்கெங்க சறுக்குச்சுன்னு பாடம் கத்துக்கத்தான் வந்திருக்கேன்.

— நல்லாக் கத்துக்கங்க. செத்த மனுஷன் தலைமேல ஏறி நின்னு கத்துக்காதீங்க. இன்னொரு தடவை படிங்க அதை.

— "அபாயச் சங்கு ஒலித்தும், பைமின் என்ற விவசாயி எச்சரிக்கையை அலட்சியம் செய்து வயலிலேயே இருந்தார்." பாருங்க, நடந்தது அதானே? சங்கு ஊதிப் பதினோரு நிமிஷம் கழிச்சுத்தான் சுடுமேகம் இறங்குச்சு. நீங்களே தப்பிச்சு வந்துட்டீங்க.

— அலட்சியமா? என் வீட்டுக்காரரா? ரெண்டு தூத்தல் விழுந்தாலே ஏணியைப் போட்டுக் கூரை ஓட்டைப் பார்க்குற ஆளு அவரு. நாளைக்கு அவருக்கு நாப்பதாம் நாள் ஓதுறோம். சாப்பிட வர்றவன் எல்லாம் இந்தத் தாளைப் படிச்சுட்டு, திமிர்ல செத்தான்னு பேசிட்டுப் போகணுமா?

— அப்போ ஏன் ஓடல, சொல்லுங்க. எழுதிக்கிறேன்.

— நீங்களா கேக்குறீங்க? போன வருஷம் ஊருக்குச் சொல்லாம சங்கை ஊதிப் பார்த்தீங்களே, மறந்துபோச்சா?

— அது சோதனை. கடுதாசி அனுப்பினோம். ஊர்த்தலைவர் அறிவிக்கல.

— அவர் அறிவிக்கல, நீங்க விசாரிக்கல. என் வீட்டுக்காரரு ஆட்டைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு, கைலி அவிழ, ஒத்தைச் செருப்போட பாலம் வரைக்கும் ஓடினாரு. உங்க ஆளு நின்னு படம் எடுத்தான். மறுமாசம் ஊர்க்கூடத்துல திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டீங்க. மேல என்ன எழுதியிருந்தீங்க?

— "இப்படிப் பதறாதீர்கள்."

— சத்தமாச் சொல்லுங்க.

— "இப்படிப் பதறாதீர்கள்." பாருங்க இபு, அது பயிற்சிக்காக. முகத்தை மறைச்சுத்தான் போட்டோம்.

— முகத்தை மறைச்சீங்க, ஆட்டை மறைச்சீங்களா? வெள்ளைக் காது கறுப்பு ஆடு யார் வீட்டுதுன்னு இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்னையிலேர்ந்து அவரு காப்பிக்கடைப் பக்கம் போனா, வாயில கையைக் குவிச்சு ஊதிக் காட்டுவானுங்க. போறதையே விட்டுட்டாரு.

— இதெல்லாம் எங்க காதுக்கு வரல.

— எப்படி வரும்? மலை வெடிச்ச அன்னைக்கு நாங்க மிளகாய் பறிச்சுக்கிட்டிருந்தோம். சங்கு ஊதுச்சு. கூடையைப் போட்டுட்டு வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். "நீ போ. பக்கத்து வயல்காரன் ஓடட்டும், பின்னாடியே வர்றேன். மறுபடி என்னைத் திரையில ஏத்த விடமாட்டேன்"னு உதறிட்டாரு. பக்கத்து வயல்காரன் அன்னைக்கு வேலைக்கே வரல.

— அடிச்சிட்டேன் இபு. பாருங்க, முழு வரியும் அடிச்சிட்டேன். "நாங்கள் காட்டிய படத்தைப் பார்த்து ஊர் சிரித்ததால், அவர் மறுமுறை ஓடத் தயங்கினார்." இது போதுமா?

— ஊர் சிரிச்சதுன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. பேரைப் போடுங்க.

— யார் பேரை?

— படம் திரையில வந்ததும் கூடமே கம்முனு இருந்துச்சு, பாக். முதல்ல வாய்விட்டுச் சிரிச்சது அவரு பக்கத்துல உக்காந்திருந்த நான்தான்.