மூன்றாம் மாடியின் அமைதி

எனக்குச் சத்தம் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், வேலையிழந்த செவிலியரின் மேல்முறையீட்டில் நீங்கள் கேட்கவிருக்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாடிக்கு ஒரு சுவிட்ச்; அந்த மாடியின் நெட்வொர்க் வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டி. எந்த இணைப்பு அறுந்தாலும், திரும்ப வந்தாலும் அது ஒரு வரி எழுதும். அந்த வரி சர்வரில் சேரும், என் போனுக்கும் வரும். மூன்றாம் மாடி சுவிட்ச் மட்டும் ஓயாமல் எழுதியது: போனது, வந்தது, போனது, வந்தது. ஒரு படுக்கையின் இதயத்துடிப்பு மானிட்டர்தான் காரணம். அதன் வயர் முனை தளர்ந்திருந்தது. அந்தப் படுக்கையில் என் மனைவி இருந்தாள்.

"என்னப்பா, உன் சுவிட்ச் இப்படிப் புலம்பித் தள்ளுது? சர்வர் ரொம்பி வழியுது. அதை வாயை மூடச் சொல்லு" என்றார் மேலாளர்.

வயரை மாற்ற ஏணி வேண்டும், கூரைப் பலகையைக் கழற்ற வேண்டும், பராமரிப்புப் பிரிவின் காலில் விழ வேண்டும். வாயை மூட ஒரு கட்டளை போதும். மிகக் கடுமையான நிகழ்வுகளை மட்டும் பதிவு செய் என்று அமைத்தேன். இணைப்பு அறுவது அந்த வகையில் சேராது. அந்தத் தரவரிசையை வகுத்தது நானல்ல, சுவிட்சைச் செய்தவர்கள்.

போன் அடங்கியது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மதியம் அவளைப் பார்க்கப் போனேன்.

"என்னங்க, இந்த டப்பா சும்மா சும்மா கண்ணு சிமிட்டுது."

"வயர் லூசு. பாத்துக்கலாம்."

"நம்ம வீட்டு ஃபேன் மாதிரியா? அதையும் கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க."

இருவரும் சிரித்தோம். தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

சற்று நேரத்தில் அவள் இதயம் நின்றுபோனது. மானிட்டர் சாத்திய அறைக்குள் கத்தியிருக்கிறது. செவிலியர் மேசையிலிருந்த திரைக்கு அது போய்ச் சேரவில்லை. இணைப்பு அறுந்தால் அந்தத் திரை கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நல்ல எண்தான்.

விசாரணையில் செவிலியர் என்னைப் பார்த்தே கேட்டார்: "ஸ்கிரீன்ல நல்லாத்தான் சார் இருந்துச்சு. நெட்வொர்க்லதான் ஏதோ ஆயிருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். 'நெட்வொர்க்கில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். போகும்போது, "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க சார்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல பெண். கொஞ்சம் கவனக்குறைவு.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். கட்டளையை அடித்தது நான். எந்தப் படுக்கை என்று தெரிந்தேதான் அடித்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் போகவிட்டதும் நான்தான்.

ஆனால் ஒன்று. அன்று மூன்றாம் மாடியிலிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தால் போதும், போட்டது போட்டபடி ஓடியிருப்பேன். அந்த மதியம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.