ஆத்தாவிடம் கேட்காமல் விட்டது

உக்கடத்தில் டவுன் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு பெரியம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்.

"எங்கூருக்குப் பஸ் வருமான்னு மாரியாத்தாகிட்டப் பூ கேட்டுப்போட்டேனுங்க அம்மணி."

"ஏனுங்க்கா, ஆபீஸுல மனு குடுக்கலீங்களா?"

"குடுத்துக் குடுத்துப் பாத்தாச்சு. பரிசீலனையில இருக்குதுன்னே பதில் வருது. என்ற மவ காலேஜுக்குப் போக மெயின் ரோடு வரைக்கும் நடந்து காலே வீங்கிப்போச்சு. அதுதான் வெள்ளைப் பூ, செவப்புப் பூ ரெண்டையும் தனித்தனியாப் பொட்டலங்கட்டி ஆத்தா முன்னால வெச்சேன். செவப்பு வந்தா ஆகாதேன்னு பயந்துட்டே ஒண்ணை எடுத்துப் பிரிச்சா, வெள்ளையே வந்துச்சு."

"பஸ் வந்துச்சுங்களா?"

"அடுத்த வாரமே வந்துச்சு. மவ கை காட்டக் காட்ட நிக்காமப் போயிருச்சு."

"வருமான்னுதானுங்க கேட்டிருக்கீங்க. நிக்குமான்னு கேக்கலையே!"

பெரியம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட ஆமாங்க, என்ற தப்புதான். வர்ற வெள்ளிக்கிழமை மறுக்காக் கேக்கறேன். வருமா, நிக்குமா, ஏத்திக்குமா, எல்லாஞ் சேத்தி."

"அத்தனைக்கும் வெள்ளைப் பூ குடுக்கோணும்னா, ஆத்தாவுக்கு டிப்போவுல ஆளு தெரிஞ்சிருக்கோணுங்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயே மன்னித்துக்கொள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.