ட்ரிகரில் வைத்த விரல்

ரூபினா: ...அது வேண்டாங்க்கா. பாக்கத்தான் பளபளன்னு இருக்கு. ட்ரிகர்ல வெரலு வெக்கிற பிளேடு இவ்வளவு மெல்லிசா இருந்தா சரிப்படாது.

ஜோஸ்லின்: ஏன் ரூபினா, நல்லாத்தான இருக்குது?

டேவிட்சன்: இத்தனூண்டு தகடு! என்ற பேக்கரியில கேக்கு மேல வெக்கிற செர்ரி இதைவிடப் பெருசு. இதுக்காகவா அன்னூர்ல கடையப் பூட்டிப்போட்டு கோயமுத்தூருக்கு இந்தத் துப்பாக்கிக் கடை தேடி வந்தோம்?

ஜோஸ்லின்: உங்கள யாருங்க வரச் சொன்னது? நான் பஸ்ஸுல வாரேன்னுதான சொன்னேன்.

டேவிட்சன்: துப்பாக்கிப் பெட்டியத் தூக்கிட்டு பஸ்ஸுலயா? கண்டக்டரு விசிலடிக்காமயே எறங்கி ஓடிருப்பாரு.

ரூபினா: அண்ணா, இது ஏர் ரைஃபிள். காத்துல சுடறது. போட்டிக்குத்தான்.

டேவிட்சன்: உனக்குத் தெரியுது அம்மணி, எனக்குத் தெரியுது... கண்டக்டருக்குத் தெரியோணுமே?

ரூபினா: அக்கா, நம்ம துப்பாக்கி சுடற ரேஞ்சுப் பக்கம் நீங்க வந்தே எவ்வளவு நாளாச்சு! பி.டி. டீச்சரு எங்கன்னு கேக்காத ஆளில்ல.

ஜோஸ்லின்: என்ன பண்றது... மார்ல கட்டி வந்தாலும் வந்துது, ஊடு, ஆஸ்பத்திரி, ஊடுன்னே போயிருச்சு. ஆப்பரேசன், கீமோ எல்லாம் முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துக்கும் போயிட்டுத்தான் இருக்கறேன். முடிகூட வந்துருச்சு பாரு.

டேவிட்சன்: சுருட்டையா வந்துருக்கு. கண்ணாலத்தப்ப இப்படி இருந்திருந்தா போட்டோ எடுத்தவன் இன்னும் நாலு சேத்தி எடுத்திருப்பான்.

ஜோஸ்லின்: கம்முனு இருங்க... அடுத்த மாசம் மாவட்டப் போட்டி ரூபினா. ட்ரிகரு பழசாயி லொடலொடன்னு ஆயிருச்சு. அதான் மாத்தலாம்னு.

ரூபினா: பழசா? இருங்க்கா, பாக்கறேன்... இது ஒண்ணும் லொடலொடன்னு இல்லியே?

ஜோஸ்லின்: ...ஏனுங்க, வண்டிய வெயில்லயா நிறுத்திட்டு வந்தீங்க?

டேவிட்சன்: ஆமா.

ஜோஸ்லின்: நெழலாப் பாத்து நிறுத்திட்டு வாங்களே. திரும்பிப் போறப்ப சீட்டுல உக்கார முடியாது.

டேவிட்சன்: என்னையத் தொரத்தறதுக்கு ஒரு சாக்கு... சரி, வாரேன்.

ஜோஸ்லின்: போயிட்டாரா?

ரூபினா: போயிட்டாருங்க்கா. என்ன விசயம்?

ஜோஸ்லின்: ட்ரிகரு நல்லாத்தான் இருக்கு. வெரலுதான்... கீமோ குடுத்ததுல வெரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. ட்ரிகரத் தொட்டனா இல்லையான்னே தெரியல. பள்ளிக்கூடத்துல விசிலு கையில இருக்குதான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்.

ரூபினா: யா அல்லா... அண்ணனுக்குத் தெரியுமா?

ஜோஸ்லின்: மூச்சு விட்டுராத. அந்த மனுசன் இத்தன நாளு பட்டது போதும். ஒரு வருசத்துல சரியாயிரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் சமாளிக்கற மாதிரி ஏதாச்சும் மாட்டிக் குடு.

ரூபினா: கையக் குடுங்க. கண்ண மூடிக்கோங்க. இங்க தொட்டாத் தெரியுதா?

ஜோஸ்லின்: இல்ல.

ரூபினா: இங்க?

ஜோஸ்லின்: ம்ஹூம்.

ரூபினா: இங்க... நடுக்கணுவுல?

ஜோஸ்லின்: இரு... இரு. தெரியுது. அங்க தெரியுது ரூபினா!

ரூபினா: அப்ப நுனிய விட்டுருவோம். நடுக்கணுவ வெச்சே சுடுங்க. ட்ரிகரக் கொஞ்சம் கைப்பக்கமாப் பின்னால தள்ளி வெச்சு, இந்த அகலமான பிளேடப் போட்டுரலாம். தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்குதா? ஸ்பிரிங்கும் கொஞ்சம் கெட்டியா வெச்சுத் தாரேன்.

ஜோஸ்லின்: ஆள்காட்டி வெரலு நடுக்கணுவுல சுடறவங்க யாராச்சும் இருக்காங்களா? சிரிப்பாங்க.

ரூபினா: சிரிக்கட்டுமே. குண்டு எங்க விழுகுதுன்னுதான் மார்க்கு. அப்புறம்... குண்டு போடறதுக்கு லீவர இழுக்கறீங்களே, வலது கை வலிக்கலையா?

ஜோஸ்லின்: ஆப்பரேசன் பண்ணுன பக்கம். கொஞ்ச நேரம் இழுத்தாலே வீங்கிக்குது.

ரூபினா: அதையும் இடது பக்கம் மாத்திரலாம். உங்க மாடல்ல மாத்தலாங்க்கா. குட்டைப் புடிய எடுத்துப்போட்டு இந்த நீளமானதப் போட்டா ரெண்டு வெரல்லயே இழுத்துரலாம்.

டேவிட்சன்: என்ன, என்னையப் பாத்ததும் ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டீங்க?

ஜோஸ்லின்: உங்களப் பத்தி நல்லதாப் பேசிட்டு இருந்தோம். அதான் சட்டுனு தீந்துபோச்சு.

ரூபினா: அக்கா, நான் இத மாட்டறதுக்குள்ள நீங்க உள்ள போயி சுடறப்ப போடற ஜாக்கெட்டப் போட்டுக்குங்க. பின்னாடி ரேஞ்சுல ஒருதடவ சுட்டுப் பாத்துரலாம்.

ஜோஸ்லின்: சரி. இவருகிட்ட ஸ்குரூ எதையும் குடுத்துராத. தொலைச்சுப்போடுவாரு.

டேவிட்சன்: ...அம்மணி, அவ போயிட்டாளா? கொஞ்சம் இங்க வா. அவ வெரலப் பத்தி உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?

ரூபினா: வெரலா... எந்த வெரலுண்ணா?

டேவிட்சன்: போன மாசம் அடுப்புல இருந்து கொதிக்கிற சட்டிய வெறுங்கையில எறக்கிட்டா. கத்துனது நானு. அவ கத்தல. என்னையத்தான் என்னாச்சுன்னு கேட்டா.

ரூபினா: அண்ணா...

டேவிட்சன்: துணி நழுவிருச்சுன்னு சொல்லி மழுப்பிப்போட்டா. நானும் சரின்னுட்டேன். அடுத்த நாளே டாக்டரப் பாத்தேன். மரத்தது மரத்ததுதான், இனி பழையபடி வராதுன்னுட்டாரு.

ரூபினா: வராதா?

டேவிட்சன்: வராது. இவ வந்துரும்னு நெனைச்சுட்டு இருக்கறா. கொஞ்ச நாளுதான், ஒரு வருசத்துல சரியாயிரும்னு தங்கச்சிகிட்ட போன்ல சொல்லிட்டு இருந்தா. அந்தத் தெம்புலதான் எந்திரிச்சு நடமாடறா. அதக் கெடுக்கக் கூடாது. அதனால நீ போடறத நாளைக்குக் கழட்டற மாதிரி போடாத. என்னைக்கும் நிக்கற மாதிரி போடு. அவகிட்ட மட்டும் சொல்லிராத.

ரூபினா: ரெண்டு பேரும் சேந்து என்னைய நல்லா மாட்டி விடறீங்க.

டேவிட்சன்: ரெண்டு பேருமா?

ரூபினா: ...நீங்களும் உங்க டாக்டரும்ணா. அக்கா, வந்துட்டீங்களா! இந்தாங்க. லீவரு இப்ப இடது பக்கம். இழுத்துப் பாருங்க.

ஜோஸ்லின்: அட... வெண்ணெயாட்டம் வருது.

ரூபினா: அப்ப பின்னாடி ரேஞ்சுக்கு வாங்க. அண்ணா, நீங்க கோட்டுக்குப் பின்னால நில்லுங்க. அக்கா, நிதானமா. மூச்ச விட்டுட்டு...

டேவிட்சன்: பட்டுச்சா?

ரூபினா: ஏழு.

டேவிட்சன்: ஏழுன்னா பாஸு தான?

ஜோஸ்லின்: பத்துக்கு ஏழுங்க. நான் பழைய மாதிரி இருந்தா இதுக்கு வெக்கப்பட்டுட்டு ஊட்டுக்குப் போயிருவேன்.

ரூபினா: இன்னொண்ணு... ஆறு.

ஜோஸ்லின்: கீழ போயிருச்சா? வேண்டாம் ரூபினா. இது ஆகாது. பெட்டியில வெச்சுரு, போலாம்.

டேவிட்சன்: இரு ஜோசு. கடையப் பூட்டிட்டு வந்திருக்கேன். ரெண்டு குண்டுக்கெல்லாம் கெளம்ப முடியாது.

ரூபினா: அக்கா, பழக்கத்துல நுனிதான் முந்திக்கிட்டுப் போகுது. குண்டு போடாம, கண்ண மூடி, நடுக்கணுவ மட்டும் வெய்ங்க. மொதல்ல லேசா வரும். அப்புறம் ஒரு எடத்துல முட்டி நிக்கும். அதத் தேடுங்க.

ஜோஸ்லின்: வருது... வருது... எங்கயும் நிக்கல.

ரூபினா: மறுபடி. இன்னும் மெதுவா.

ஜோஸ்லின்: வருது... ம்... இங்க. இங்க நிக்குது. நிக்கறது தெரியுது ரூபினா!

ரூபினா: அந்த எடந்தான். இப்ப குண்டு போட்டுச் சுடுங்க.

ஜோஸ்லின்: முட்டுது... சுட்டுட்டேன்.

ரூபினா: ஒம்போது! அப்படியே, கைய எடுக்காம... இன்னொண்ணு.

ஜோஸ்லின்: ம்... இந்தா, சுட்டாச்சு.

ரூபினா: பத்துங்க்கா! நட்ட நடுவுல!

ஜோஸ்லின்: ஏனுங்க, பாத்தீங்களா?

டேவிட்சன்: அத எங்க பாத்தேன்? உன்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். சிரிச்சு எத்தன நாளாச்சு...

ஜோஸ்லின்: அந்தப் புள்ள முன்னால என்ன பேச்சு இது?

ரூபினா: நான் ஒண்ணும் கேக்கல. அப்ப இதையே வெச்சுரலாங்களா?

ஜோஸ்லின்: இதையே வெச்சுரு. நல்லா முறுக்கி வெச்சுரு.

டேவிட்சன்: பழைய ட்ரிகரு, லீவரு எல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடு அம்மணி. பின்னால மாத்திக்குவா.

ஜோஸ்லின்: அது எதுக்குங்க? புதுசாக் கத்துக்க வாரவங்க யாருக்காச்சும் குடு ரூபினா.

டேவிட்சன்: அதெப்படி? ஒரு வருசத்துல வெரலு சரியா...

ஜோஸ்லின்: ...என்னங்க?

டேவிட்சன்: ஒண்ணுமில்ல.

ஜோஸ்லின்: வெரலுக்கு என்ன? வெரலப் பத்தி உங்ககிட்ட நான் வாயே தொறக்கலையே.

ரூபினா: அல்லா மேல ஆணையா நான் சொல்லலைங்க்கா.

டேவிட்சன்: அந்தப் புள்ள சொல்லல. சட்டி எறக்குனியே, அன்னைக்கே தெரியும். டாக்டரையும் பாத்துட்டு வந்தேன்.

ஜோஸ்லின்: என்ன சொன்னாரு?

டேவிட்சன்: சரியாயிரும்னாரு.

ஜோஸ்லின்: என்னையப் பாத்துச் சொல்லுங்க.

டேவிட்சன்: ...வராதுன்னுட்டாரு கண்ணு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு நாந்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்.

ரூபினா: அப்ப அக்கா... ஒரு வருசம்னு எங்கிட்ட சொன்னது?

ஜோஸ்லின்: பொய்தான். உங்கிட்டயும், தங்கச்சிகிட்டயும். யாருகிட்ட நெசத்தச் சொன்னாலும் இவரு காதுக்குப் போயிரும்னு... ஏனுங்க, எனக்கு உங்களுக்கு முந்தியே தெரியும். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு நானும் அந்த டாக்டரக் கேட்டுக்கிட்டேன். ‘அவரே நேர்ல வந்து கேட்டா என்னம்மா பண்றது?’ன்னாரு. ஊசி மருந்து வாசம் அடிச்சாலே பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய போயி நிக்கற மனுசன், அவரு எங்கீங்க வரப்போறாருன்னு சிரிச்சுட்டு வந்தேன்... தனியாவாங்க உள்ள போனீங்க?