வலது தோளில் முந்தானை

இல்லை... அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தான். அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னக் கதைதான் நண்பர்களே, ஐந்து நிமிடம் கொடுங்கள்.

மதுரையில் ஒரு மாடி அறை. அங்கே இணையத்துக்காக ஒரு சைகை மொழி அகராதி தயாராகிறது. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டினால், ஒருவர் திரையில் வந்து அதைக் கையால் சொல்லிக் காட்டுவார். இதை ஒரே ஆள் செய்ய முடியுமா? முடியாது. ஒருவர் சொல் சேர்ப்பார். அது நான். ஒருவர் சைகை செய்வார். ஒருவர் படம் பிடிப்பார். பிறகு வெளியூர்களில் இருக்கிற காது கேளாத மூன்று பேர் பார்த்து, சரி என்று தலையாட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் வீடியோ ஏறும்.

சைகை செய்தவர் பூங்கோதை. பிறவியிலேயே காது கேளாதவர். இடக்கைக்காரர். முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்... காய்ச்சல், நாளைக்கு, போதும், வழி விடு... எல்லாம் அவர் கை.

வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றுகிறவன் ஜெயசீலன். காது கேட்கிறவன். அவன் யோசித்தான். 'எல்லாரும் வலது கையில் செய்கிறார்கள். அக்கா மட்டும் இடது கை. பார்க்கிறவர்கள் குழம்புவார்களே...' ஒரு பொத்தான். படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டான். முந்நூற்றுப் பன்னிரண்டையும். மூன்று பேர் தலையாட்டிய பிறகு. யாரிடமும் சொல்லாமல்.

பூங்கோதையும் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தினமும் கண்ணாடியில் பார்க்கிற உருவம் அல்லவா அது?

கண்டுபிடித்தவர் தூத்துக்குடியில் ஒரு தையல்காரர். செல்வமேரி. அவருக்கும் காது கேளாது. இணையத்தில் அகராதியைப் பார்த்துவிட்டு ஒரு வீடியோ அனுப்பினார். அவர் கையால் கேட்டதை நான் வாயால் சொல்கிறேன்.

"அந்த அக்கா எந்த ஊரு? முந்தானை வலது தோள்ல கிடக்கு! வடக்கத்தி அக்காவா? இல்ல, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல கட்டினாங்களா?"

அறையில் எல்லாரும் சிரித்தோம். பூங்கோதை சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். அப்புறம்... ஜெயசீலனைப் பார்த்தார்.

கையால் கத்த முடியுமா? முடியும். நான் பார்த்தேன்.

"யாரைக் கேட்டுத் திருப்பினே?"

"அக்கா... பாக்குறவங்க குழம்பக் கூடாதேன்னுதான்..."

"யாரு குழம்பினா?"

"...இதுவரைக்கும் யாரும் இல்லக்கா."

"சின்ன வயசுல விடுதியில ஒரு ஆயா, சாப்பாட்டு நேரத்துல என் இடது கையைக் கட்டி வைப்பாங்க. வலது கையால சாப்பிடணுமாம். கையைக் கட்டினா எனக்குப் பேச்சும் இல்ல, ஜெயசீலா. ஆனா அவங்க என் கண்ணு முன்னாடி கட்டினாங்க. நீ எனக்குத் தெரியாமலே கட்டிட்டே."

அவன் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"எல்லாத்தையும் எடுத்துடு. ஒண்ணுகூட இருக்கக் கூடாது." பையை எடுத்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். ஒரு வருட வேலை. எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அவர் சொன்னபடியே ஜெயசீலன் எடுத்துவிட்டான். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, முதலில் பிடித்த படத்தோடு ஒத்துப் பார்த்து, அவர் செய்தது செய்தபடி ஆக்கினான். மூன்று நாள். அகராதியில் ஏற்றவில்லை. அவருக்கு மட்டும் அனுப்பினான். கீழே ஒரு வரி: 'அக்கா, இது உங்க கை. வேண்டாம்னா இது இங்கேயே நின்னுடும்.'

இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் காலை... வந்தார். நேராக ஜெயசீலனிடம் போனார். கையில் ஒரு தாள்.

"முழுக்கப் பார்த்துட்டேன். பதினொண்ணு சரியில்ல. அவசரமா செஞ்சிருக்கேன். அது என் தப்பு, நான் திருத்துறேன். மத்ததை ஏத்து."

"அப்படியேவா அக்கா?"

"வேற எப்படி? உன் மூஞ்சியையும் திருப்பி ஒட்டட்டுமா?"

இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

நண்பர்களே... நாளையிலிருந்து நீங்களும் தன்னார்வலர்கள். உதவப் போகிறீர்கள். கை நிறைய நல்ல எண்ணத்தோடு போவீர்கள். போங்கள். ஆனால் ஒன்று. நாம் உதவி என்று செய்வதில் பாதி, அடுத்தவரை நம்மைப் போல் ஆக்குவதுதான். அவரிடம் தப்பே இல்லாமல் இருக்கலாம். தப்பு இருந்தால், அது எது என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கேளுங்கள். கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். அவன் கேட்கவில்லை... மூன்று நாள் உட்கார்ந்தான்.

பூங்கோதை அன்று அந்தப் பதினொன்றையும் மறுபடி செய்தார். பிறகு என்னிடம் அடுத்த பட்டியலைக் கேட்டு வாங்கினார்.