பிள்ளையார் ஒட்டிய போன்

பழைய செல்போன் விற்பவன் முதலில் ஆளைத்தான் பார்க்க வேண்டும், எஸ்.ஐ. ஐயா. நான் மூன்றாவது வரைதான் படித்தேன். ஆனால் ஆன்லைன் ஏலத்தில் எவன் திருடன் என்பது புத்தூர் கடையில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும். நேற்று திறந்த கணக்கு, விற்றவர்கள் போட்ட ஒரு ஸ்டார்கூட இருக்காது, பெறுமானத்துக்கு மூன்று பங்கு தருகிறேன் என்பான், ஏலத்தை நிறுத்திவிட்டு நேரில் கொடு என்பான். அப்படிப்பட்டவனை உடனே பிளாக் செய்துவிடுவேன். மனிதப் புத்தியே நாற்றமடிக்கிறது, ஐயா.

மருமகள் ஹரிதா சிரிப்பாள். "எமனே வந்து ஏலம் கேட்டாலும் ஸ்டார் எத்தினின்னு பாப்பீங்க போல, மாமா."

அந்தக் கறுப்பு போனைப் போட்ட அன்றே ஒரு புதுக் கணக்கு வந்தது. பெயர் ஜெயம்மா. எடுத்த எடுப்பிலேயே மூன்று பங்கு விலை. பிளாக் செய்தேன். வேறொரு கணக்கில் வந்து குரலை அனுப்பினாள்.

"நைனா, போன் பின்னால காணிப்பாக்கம் புள்ளையார் ஒட்டிக்கினு இருக்குதே, அது நான் ஒட்டினது. என் புள்ள பிரவீன் போன் அது. அவன் பேசினதெல்லாம் உள்ள இருக்குது. அழிச்சிடாதே நைனா, எவ்ளோ வேணா தரேன்."

அழுது கேட்கிறவர்களைத்தான் நான் அறவே நம்புவதில்லை. சளி ஒழுகும் அந்தக் குரலைக் கேட்கவே குமட்டியது. உள்ளே இருந்ததை அப்போதே அழித்தேன்.

அவள் சொன்னது உண்மை என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும்.

வடமாலப்பேட்டை தாண்டி, வளைவில், பட்டப்பகலில் அந்தப் பையன் பைக்கோடு விழுந்து கிடந்தான். ரோட்டில் வேறு ஆளில்லை. அவனால் நம்பரை அழுத்த முடியவில்லை. விரலை வைத்துப் பூட்டைத் திறந்து போனை என்னிடம் நீட்டினான். "தாத்தா, நூத்தி எட்டுக்குப் போடு" என்றான். வாயில் ரத்தம் கொப்பளித்தது. பார்க்க அருவருப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். பூட்டுத் திறந்த போன் சுலபத்தில் கிடைக்காது. கையில் இருக்கும்போதே 'அம்மா' என்று அழைப்பு வந்தது. சிம்மைக் கழற்றி எறிந்தேன். நான் வண்டியை எடுக்கும்போதும் அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பீக்கர் ஓட்டையில் உறைந்திருந்ததைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டினேன். பிள்ளையாரை மட்டும் உரிக்கவில்லை. சாமி படத்தில் நகம் வைக்க மனசு வரவில்லை. அதை ஏலப் படத்தில் பார்த்துத்தான் அவள் கண்டுபிடித்தாளாம்.

கடைசியில் இருநூறு ஸ்டார் வைத்திருந்த உமாபதிக்கு விற்றேன். வாங்க வந்தவர் உங்கள் கான்ஸ்டபிள். நல்ல கணக்கை வைத்துக்கொண்டு ஆளை ஏமாற்றுவது போலீஸ் செய்கிற வேலையா?

காலையில் அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து அந்தப் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். நானும் பார்த்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அதைத் திருடவில்லை. அவனாகத்தான் கையில் கொடுத்தான். முன்பின் தெரியாதவனை அப்படி நம்பியது அவன் தப்பு.